கர்ப்ப காலத்து மாத்திரை: கேட்காமல் விடும் இரண்டாவது கேள்வி

தேனி மாவட்டத்தின் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, வருசநாடு வட்டாரத்தில் உழைக்கும் பெண்களுக்கு உடம்பு வலி புதிதல்ல. இலவங்காய் உடைக்கிற வேலை, முந்திரிக் காட்டு வேலை, தென்னந்தோப்பு வேலை, நூறு நாள் வேலை என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் என்றால் திராட்சைத் தோட்டம். இல்லாவிட்டால் விடியும் முன் ஜீப் ஏறி, மலையைத் தாண்டி இடுக்கியின் ஏலத்தோட்டம். வேலை முடிந்து திரும்பும்போது மெடிக்கலில் நின்று "ரெண்டு வேளைக்கு வலி மாத்திரை குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குவது வழக்கமாகிவிட்டது. கடைக்காரர் மூன்று நான்கு அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு இரண்டாகக் கத்தரியால் வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார். மருந்தின் பெயர், காலாவதி நாள், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதைக் காட்டும் சிவப்புக் கோடு எல்லாம் பெரும்பாலும் மீதி அட்டையோடு கடையிலேயே நின்றுவிடும். வாங்குகிறவள் மாசமாக இருக்கிறாளா என்று கடைக்காரர் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. பல நேரம் அவளுக்கே அது தெரிந்திருக்காது. அதே பெண்ணுக்கு நாலாம் மாதம் நர்சம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை மட்டும் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கும். அது சூடு, குழந்தை கறுப்பாகப் பிறக்கும், குழந்தை பெரிதாகிப் பிரசவம் சிக்கலாகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

இந்த இரண்டு தவறுகளும் எதிரெதிராகத் தோன்றும். ஒன்றில் எடுக்கக் கூடாததை எடுக்கிறாள், இன்னொன்றில் எடுக்க வேண்டியதை விட்டுவிடுகிறாள். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் வாதம். "இந்த மாத்திரை குழந்தைக்கு ஆகுமா, ஆகாதா" என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் கர்ப்ப காலத்து மருந்துகளை நாம் எடைபோடுகிறோம். அதுவும் மாசமாக இருப்பது உறுதியான பிறகுதான் அந்தக் கேள்வியே வருகிறது. "இந்த நோயை மருந்தில்லாமல் விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன ஆகும்" என்ற இரண்டாவது கேள்வி எழுவதே இல்லை. வலி மாத்திரை வாங்கும்போது இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டிருந்தால், இந்த வலிக்கு இவ்வளவு மருந்து வேண்டாம், பாதுகாப்பான வேறு மாத்திரை இருக்கிறது என்ற விடை வந்திருக்கும். இரும்பு மாத்திரையில் கேட்டிருந்தால், அதை விட்டால் பிரசவ நேரத்தில் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்திருக்கும்.

முதலில் ஒரு கணக்கு. எந்த மருந்தையும் தொடாத தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் 100-க்கு ஏறக்குறைய 3 குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு ஏதாவது இருக்கும். மரபணு, நெருங்கிய சொந்தத்தில் திருமணம், தாயின் கட்டுப்படாத சர்க்கரை, ஃபோலிக் அமிலக் குறைவு, தொற்று என்று சிலவற்றுக்குக் காரணம் சொல்ல முடியும். பெரும்பாலானவற்றுக்குச் சொல்ல முடியாது. மருந்தால் மட்டும் வருபவை இவற்றில் ஒரு சிறு பங்குதான். இந்தக் கணக்கு ஊருக்குள் பேசப்படாததால் நடக்கும் கொடுமை ஒன்று உண்டு. குறையோடு ஒரு குழந்தை பிறந்ததும், மூன்றாம் மாதக் காய்ச்சலுக்கு அம்மா போட்ட ஒரே ஒரு மாத்திரையின் மேல் மொத்தப் பழியும் விழுகிறது. அவளும் ஆயுளுக்கும் அதைச் சுமக்கிறாள். ஒரு மருந்தைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டுமானால், அதை எடுத்தவர்களின் குழந்தைகளில் குறைபாடு அந்த 3-ஐவிடக் கூடுதலா, எவ்வளவு கூடுதல், எந்த வாரத்தில் எடுத்தவர்களுக்கு, எந்த அளவில் எடுத்தவர்களுக்கு என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் தீர்ப்பு தப்பாகப் போய்விடும்.

வாரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் கருவின் நாட்குறிப்பைப் பார்த்தால் போதும். கருத்தரித்த 22-ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28-ஆம் நாளுக்குள் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய் மூடிக்கொள்கிறது. அந்த 28-ஆம் நாள் என்பது, மாதவிடாய் சரியாக வருகிற பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். "பார்ப்போம், வெயிலில் வேலை பார்த்ததால் தள்ளியிருக்கும்" என்று நினைத்துக்கொண்டிருக்கிற நேரம் அது. கருத்தரித்து எட்டு வாரம் முடிவதற்குள் பெரும்பாலான உறுப்புகளின் அடிப்படை வடிவம் அமைந்துவிடுகிறது. நர்சம்மாவிடம் சொல்லிக் கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண் வாங்கும்போது அந்தக் கட்டம் பலருக்குப் பாதிக்கு மேல் தாண்டியிருக்கும். ஃபோலிக் அமில மாத்திரையை, குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தொடங்கச் சொல்வது இதனால்தான். முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்த தாய்மார்களிடம், 7 நாடுகளில், பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் குழு நடத்திய சோதனையின் முடிவு 1991-ல் வெளியானது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறைபாடு மறுபடி வருவது 72 விழுக்காடு குறைந்திருந்தது. மாத்திரையை எடுக்காததாலும் குறைபாடு வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

மருந்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நியாயத்தின் பெயர் தாலிடோமைடு. 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியின் குருனென்தால் நிறுவனம் அதைத் தூக்க மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. முற்றிலும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். கர்ப்பிணிகளின் காலை நேர மசக்கைக்கும் அது கொடுக்கப்பட்டது. கையும் காலும் வளராத குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் வில்லியம் மெக்பிரைட் ஆகிய மருத்துவர்கள் 1961-ல் எச்சரித்த பிறகுதான் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகம் முழுக்க 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அமெரிக்காவில் மருந்துத் துறை அதிகாரி ஃபிரான்சிஸ் கெல்சி, தந்த சான்றுகள் போதாது என்று சொல்லி அனுமதிக் கையெழுத்துப் போட மறுத்தார். அந்தப் பிடிவாதம் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியது. பின்னாளில் தெரியவந்த விவரங்கள் இன்னும் முக்கியமானவை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 34-ஆம் நாள் முதல் 50-ஆம் நாள் வரை அதை எடுத்தவர்களின் குழந்தைகளுக்குத்தான் இந்தக் கேடு வந்தது. அதற்குப் பிறகு மட்டும் எடுத்தவர்களின் குழந்தைகளுக்குக் கைகால் நன்றாகவே இருந்தது. செரிப்ளான் என்ற புரதத்தை அந்த மருந்து பற்றிக்கொள்வதே மூலகாரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-ல் கண்டறிந்தார்கள். எலியின் செரிப்ளான் மனித செரிப்ளானிலிருந்து சிறிதளவு வேறுபடுவதால் எலிக்குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எலிக்கு ஒத்துக்கொண்டது மனிதக் கருவுக்கும் ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அங்கேதான் உடைந்தது.

நம் நாட்டிலும் கசப்பான அனுபவம் உண்டு. நாள் தள்ளிப்போனால் கர்ப்பமா என்று தெரிந்துகொள்ளவும், "தீட்டு வரவைக்கவும்" அதிக அளவு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த மாத்திரைகளும் ஊசிகளும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. பெண்கள் அமைப்புகளும் மருத்துவ நுகர்வோர் அமைப்புகளும் வழக்கு, பொது விசாரணை என்று விடாமல் போராடிய பிறகே 1988-ல் அவை தடை செய்யப்பட்டன. இன்றைக்கும் நாள் தள்ளிப்போனால் மெடிக்கலில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. மிகக் குறைந்த செலவில் சிறுநீர்ச் சோதனை அட்டை கிடைக்கும் காலத்தில் அந்தப் பழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

ஆனால் தாலிடோமைடு கதையை மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். அதே மசக்கைக்கு இன்னொரு மாத்திரை இருந்தது. டாக்ஸிலமைனும் பி6 வைட்டமினும் சேர்ந்தது. அமெரிக்காவில் பென்டெக்டின் என்ற பெயரில் லட்சக்கணக்கான பெண்கள் எடுத்தார்கள். தாலிடோமைடு தந்த அச்சத்தில் இதன் மேலும் வழக்குகள் குவிந்தன. ஆய்வுகள் எதிலும் குற்றம் நிரூபணமாகாதபோதும், வழக்குச் செலவு தாங்காமல் 1983-ல் தயாரிப்பு நிறுவனமே மருந்தை நிறுத்திக்கொண்டது. பிறவிக் குறைபாடுகள் குறைந்தனவா? இல்லை. கடும் வாந்தியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளின் எண்ணிக்கைதான் ஏறியது. 30 ஆண்டுகள் கழித்து, 2013-ல், அமெரிக்க அரசு அதே கலவைக்கு மறுபடி அனுமதி கொடுத்தது. நம் ஊர் மருத்துவர்கள் மசக்கைக்கு முதலில் எழுதுவதும் இந்தக் கலவையைத்தான். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், எடை குறைந்து, சிறுநீர் வற்றிப்போன பெண்ணிடம் "மாசமா இருந்தா வாந்தி வரத்தான் செய்யும், மாத்திரை வேண்டாம்" என்று சொல்வது அக்கறையாகத் தோன்றலாம். அவள் உடம்புக்கு அது கேடு.

இரண்டாவது கேள்வியின் முழு எடையும் தெரிவது வலிப்பு நோயில். நம் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில், வலிப்பும் கர்ப்பமும் குறித்த கேரளப் பதிவேட்டை 1998-ல் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் தொடங்கினார். வலிப்பு மருந்து எடுக்கும் பெண்களைக் கருத்தரிக்கும் முன்போ கர்ப்பத்தின் தொடக்கத்திலோ பதிவுசெய்து, பிரசவம் தாண்டிக் குழந்தையின் வளர்ச்சி வரை பின்தொடர்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண்களின் புள்ளிவிவரத்தை இரவல் வாங்காமல், நம்மைப் போன்ற உணவும் உடல்வாகும் கொண்ட பெண்களிடமிருந்து வந்த சான்று இது. அவர்கள் கண்டது என்ன? பெரிய பிறவிக் குறைபாடு 100-க்கு 7 என்ற அளவில் இருந்தது. பொதுவான 3-ஐவிடக் கூடுதல், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 100-க்கு 90-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அப்படிப்பட்ட குறை எதுவும் இல்லை. எல்லா மருந்தும் ஒரே மாதிரியும் இல்லை. வால்புரோயேட் எடுக்கும் தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 10 பேருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, வளர்ச்சி சார்ந்த சிக்கலும் வரலாம் என்பது உலக அளவில் உறுதியான கணக்கு. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டாம் போன்றவற்றில் பிறவிக் குறைபாடு பொதுவான கணக்கை ஒட்டியே இருக்கிறது. ஆகவே கல்யாணம் பேசும்போதே, வலிப்பு இருப்பதை மறைக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போய், முடிந்தால் மருந்தை மாற்றிக்கொள்வதுதான் வழி. நம் பக்கம் அப்படி நடப்பது அரிது. கல்யாணம் வரை நோயை மறைக்கிறோம், மாசமானதும் பயந்துபோய் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துகிறோம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாக வரலாம். அடுப்படியில் விழலாம், கிணற்றடியில் விழலாம், இரவில் தூக்கத்திலேயே உயிர் போகலாம். பிரிட்டனில் கர்ப்பகால மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் குழு, வலிப்பு நோயாளிகளின் இத்தகைய திடீர் மரணங்களைத் தனியாகச் சுட்டி எச்சரித்திருக்கிறது.

"நிறுத்த வேண்டாம், பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்" என்று சிலர் நடுவழி தேடுவார்கள். உடம்பின் கணக்கு இதற்கு நேர்மாறாக ஓடுகிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. சிறுநீரகம் வடிகட்டும் வேகமும் அதே அளவு ஏறுகிறது. கல்லீரல் சில மருந்துகளை முன்பைவிட விரைவாகச் சிதைக்கிறது. அதனால் அதே மாத்திரை, அதே அளவு சாப்பிட்டாலும் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும். லாமோட்ரிஜின் பாதிக்கும் கீழே போவதுண்டு. தைராய்டு குறைவுக்கு எடுக்கும் லெவோதைராக்ஸின் முதல் மாதங்களிலேயே கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடுதலாகத் தேவைப்படும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அந்த மாதங்களில் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். பாதியாகக் குறைக்கிற பெண், உண்மையில் கால் பங்கு மருந்தோடு நோயை எதிர்கொள்கிறாள். மருந்தின் அபாயம் முழுதாக நீங்குவதும் இல்லை, அதன் பலன் கிடைப்பதும் இல்லை.

இதய வால்வு மாற்றியவர்கள் நிலை இன்னும் கடினம். ரத்தம் உறையாமல் இருக்க அவர்கள் எடுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரை முதல் மூன்று மாதத்தில் கருவின் எலும்பையும் குருத்தெலும்பையும் பாதிக்கக் கூடியது. நிறுத்தினால் வால்வில் ரத்தக்கட்டி விழும். சென்னை மருத்துவக் கல்லூரி 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை இதய நோயுள்ள 1005 கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து பார்த்தது. செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது. இங்கே முழுப் பாதுகாப்பு என்று ஒன்று கிடையாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான ஹெப்பாரின் ஊசியின் மூலக்கூறு பெரிது, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. எந்த வாரத்தில் மாத்திரையிலிருந்து அதற்கு மாறுவது, எப்போது திரும்புவது என்பதை இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவெடுக்க முடியும். இன்சுலினும் ஹெப்பாரினைப் போலத்தான், குழந்தையிடம் கணிசமாகப் போவதில்லை. ஊசி என்றாலே பயந்து சர்க்கரையை ஏறவிடுகிறவர்கள் இதை அறிய வேண்டும். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாராளமாகத் தாண்டும்.

ரத்த அழுத்த மாத்திரைகளில் கவனம் வேண்டிய இடம் வேறு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் இன்று மலையடிவார வீடுகளுக்கும் பிரஷர் மாத்திரை வந்து சேர்கிறது. நல்ல திட்டம். ஆனால் மாமியாரின் மாத்திரையும் மருமகளின் மாத்திரையும் ஒரே டப்பாவில் இருக்கும் வீடுகள் பல. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகைகள் நான்காம் மாதம் முதல் குழந்தையின் சிறுநீரகத்தை முடக்கிவிடக் கூடியவை. கர்ப்பிணிக்கு லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அதே நேரம், கர்ப்ப கால ரத்த அழுத்த நோய் வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்ட பெண்களுக்குச் சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஓர் ஐரோப்பியச் சோதனையில், குறைமாதத்திலேயே பிரசவிக்க வைக்கும் கடுமையான வகை 62 விழுக்காடு குறைந்தது. அந்த முடிவு 2017-ல் வந்தது. தினமும் 150 மில்லிகிராம், முதல் மூன்று மாதத்தின் இறுதியிலிருந்து. வலிக்காகப் பெரிய அளவில் விழுங்கும் ஆஸ்பிரினும் இதுவும் பெயரில் மட்டும்தான் ஒன்று. மருத்துவர் எழுதிய இந்தச் சின்ன மாத்திரையைப் பார்த்துவிட்டு "இது ஹார்ட் மாத்திரையாச்சே, மாசமா இருக்கிறவளுக்கு எதுக்கு" என்று வீட்டில் யாராவது நிறுத்தச் சொன்னால், காரணத்தை மருத்துவரிடமே கேளுங்கள், நிறுத்தாதீர்கள்.

இனி அந்தக் காகித உறைக்கு வருவோம். அதில் பெரும்பாலும் இருப்பது டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகைகளில் ஒன்று. சில நேரம் ஸ்டீராய்டும் சேரும். குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரின் பெரும்பங்கு, கர்ப்பத்தின் பிற்பாதியில் குழந்தையின் சிறுநீர்தான். 20 வாரத்துக்குப் பிறகு இந்த வலி மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைத் தளரவைத்துப் பனிநீரை வற்றவைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020 அக்டோபரில் எச்சரித்தது. 30 வாரத்துக்குப் பிறகு ஆபத்து இன்னொன்று கூடுகிறது. குழந்தை வயிற்றில் இருக்கும்வரை திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் இதயத்தருகே முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். ஏழாம் மாதத்திலும் இடுப்பு வலியோடு வேலைக்குப் போகிற பெண் அன்றாடம் போடும் மாத்திரை இது என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. வலிக்கும் காய்ச்சலுக்கும் கர்ப்பிணிக்கு உகந்தது பாராசிட்டமால், தேவைப்படும்போது மட்டும், மருத்துவர் சொன்ன அளவில்.

"பாராசிட்டமால் போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் வரும் என்று அமெரிக்க அதிபரே சொன்னாரே" என்று இப்போது கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் டிரம்ப் அப்படிப் பேசியது உண்மை. அவர் பேச்சுக்கு முந்தைய ஆண்டே இதற்கு விடை வந்துவிட்டது. ஸ்வீடனில் ஏறக்குறைய 24 லட்சத்து 80 ஆயிரம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2024-ல் வெளியிட்டார்கள். பொதுவாக ஒப்பிட்டபோது, பாராசிட்டமால் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் ஆட்டிசம் மிகச் சிறிதளவு கூடுதலாகத் தெரிந்தது. பிறகு, ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கர்ப்பத்தில் மருந்து போயிருக்க, மற்றவருக்குப் போகாத குடும்பங்களை எடுத்துப் பார்த்தார்கள். அந்த வேறுபாடு காணாமல் போனது. அதாவது மாத்திரை எடுக்கும் தாய்க்கும் எடுக்காத தாய்க்கும் இடையே மரபணுவிலும், காய்ச்சலிலும், தலைவலி நோயிலும் ஏற்கனவே இருந்த வேறுபாடே மாத்திரையின் குற்றம்போலக் காட்சி தந்திருக்கிறது. மறுபக்கம், தொடக்க வாரங்களில் கடும் காய்ச்சலை அப்படியே விடுவது நரம்புக்குழாய்க் குறைபாட்டோடு தொடர்புடையது. அறிவியல் மாற்றி மாற்றிப் பேசுகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஒப்பீடு எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள். எல்லா ஆய்வும் ஒரே எடை உள்ளதல்ல.

இரும்பு மாத்திரை விஷயத்தில் ஐயத்துக்கே இடமில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 கர்ப்பிணிகளில் 48 பேருக்கு ரத்தச்சோகை. மருத்துவமனைப் பிரசவத்தில் ஏறத்தாழ 100 விழுக்காட்டைத் தொட்ட மாநிலத்தில், பாதிப் பேர் ரத்தம் குறைந்த உடம்போடு அந்த மருத்துவமனைக்குப் போகிறார்கள். பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் ரத்தத்தை நல்ல ரத்தம் உள்ளவள் தாங்கிக்கொள்வாள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே உள்ளவளால் முடியாது. அரசு தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதம் முதல் 180 நாள். குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலம் கறுப்பதும் வயிறு பிசைவதும் உண்மை, அதற்குப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பிட்ட பின் எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கலாம். டீ, காபி உடனே கூடாது. கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் ஒட்டாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இவ்வளவு செய்தும் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரசு மருத்துவமனையில் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுகிறார்கள்.

"எங்க காலத்துல இத்தனை மாத்திரையா சாப்பிட்டோம், பத்துப் பிள்ளை பெத்துக்கலையா" என்று கேட்கும் பாட்டிகளை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க உயிரோடு இருப்பவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே. தமிழ்நாட்டில் 2001-03-ல் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. இடையில் வந்தவற்றில் மருந்தும் உண்டு, பிரசவ அறையும் உண்டு, ஆம்புலன்சும் உண்டு. இன்னொரு பக்கம், "இங்கிலீஷ் மருந்துதான் வேண்டாம், நாட்டு மருந்து ஒன்றும் செய்யாது" என்பார்கள். மசக்கைக்கு இஞ்சி நல்லது என்பதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகரில் ஈயநச்சு ஏறிய 6 கர்ப்பிணிகளைக் கண்டுபிடித்தபோது, அவர்கள் எல்லாரும் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளை எடுத்தவர்கள். ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளைக்குப் போகும். பதிவுபெற்ற சித்த மருத்துவர், அரசுப் பிரிவில், இந்த மாதத்துக்கு இது என்று தருவது வேறு. பேரும் சரக்கும் தெரியாத சூரணத்தைச் சந்தையில் வாங்குவது வேறு. எந்த முறை மருந்தானாலும் இரண்டு கேள்விகளும் ஒன்றே. பாம்புக்கடிக்கும் நாய்க்கடிக்கும்கூட "மாசமா இருக்கா, ஊசி வேண்டாம்" என்கிறவர்கள் இருக்கிறார்கள். விஷமுறிவு மருந்தும் வெறிநாய்த் தடுப்பூசியும் கர்ப்பிணிக்குக் கட்டாயம் போட வேண்டியவை. விஷம் ஏறினாலும் வெறிநோய் கண்டாலும் தாயும் போவாள், குழந்தையும் போகும்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு இன்னொன்று. வருசநாட்டு மலைக் கிராமத்திலிருந்து ஒரு மாத்திரை பற்றிக் கேட்க, பஸ் பிடித்துக் கடமலைக்குண்டும் கண்டமனூரும் தாண்டிக் க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மெடிக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. இது பெண்களின் அறியாமை இல்லை, தூரத்தின் குற்றம். ஆகவே முதல் பொறுப்பு மருந்துக்கடைகளுக்கு. கருத்தரிக்கும் வயதுள்ள பெண் வந்து நின்றால், வலி மாத்திரையை வெட்டும் முன் "நாள் ஏதும் தள்ளிப்போயிருக்காம்மா" என்று ஒரு கேள்வி, அது கேட்கக் கூச்சமானால் அதையே எழுதிக் கடை முன் ஒட்டிய அட்டை. மாத்திரையைப் பெயரும் தேதியும் தெரியும்படி வெட்டித் தருவது. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வீடு வீடாகப் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுவரும் தன்னார்வலர்கள், இளம் பெண் என்றால் குழந்தைக்குத் திட்டம் உண்டா என்று கேட்டு மருத்துவரிடம் தகவல் சொல்லலாம். வலிப்பு, தைராய்டு, இதயம், சர்க்கரை, ரத்த அழுத்தம் என எதற்காவது தினமும் மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு ஆலோசனை சொல்ல வேண்டிய நேரம் கல்யாணத்துக்கு முன்பு. மாசமான பிறகு தொடங்கினால் முதல் எட்டு வாரம் கைநழுவிப் போய்விடும்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். நாள் தள்ளிப்போன அன்றிலிருந்து எந்தக் கடையில் நின்றாலும், எந்த மருத்துவரிடம் போனாலும், கேட்காவிட்டாலும் "நாள் தள்ளிப்போயிருக்கு" என்று முதலில் சொல்லிவிடுங்கள். தினமும் எடுக்கும் மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், சூரணப் பொட்டலத்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு அடுத்த செக்கப்புக்கு எடுத்துப்போய் நர்சம்மாவிடமோ மருத்துவரிடமோ கொட்டிக் காட்டுங்கள். அதுவரை பொறுக்க முடியாத சந்தேகம் என்றால் 104-க்கு அழையுங்கள். அழைப்புக்குக் காசு இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.